கண்ணுக்குள் விளக்கேற்றிய ஹெல்ம்ஹோல்ட்ஸ்

மலர்க் குழுவினர் போன் செய்து கட்டுரை கேட்டபோது, விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றியும் கல்ச்சுரல்ஸ் இரவுகளைப் பற்றியும் ஏதாவது எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கதைகளை என்னைவிடச் சுவையாக எழுத எங்கள் பேட்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். ஆளைத்தான் தெரியாது.

முதலாம் ஆண்டு இயற்பியல் ஆய்வுக்கூடம் ஞாபகம் இருக்கிறதா? மேசை மேல் இரண்டு வட்டக் கம்பிச் சுருள்கள், நடுவே ஒரு காந்த ஊசிப் பெட்டி. ஆரத்துக்குச் சமமான இடைவெளியில் சுருள்களை வைத்தால் நடுவில் காந்தப்புலம் சீராக இருக்கும் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அத்தோடு மறந்து போனோமே, அந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயில்தான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்றால் காயில் என்பதோடு என் அறிவு நின்றிருந்தது.

சென்ற ஆண்டு அந்தப் பெயரை ஒரு கண் ஆஸ்பத்திரியில் மறுபடியும் கேட்டேன். என் அப்பாவுக்கு ஒரு கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை தொங்குகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னபோது, வயசாச்சு, புரையாக இருக்கும், தீபாவளி முடியட்டும் பார்த்துக்கலாம் என்று நாங்களே தள்ளிப் போட்டோம். 11 நாள் தள்ளிப் போட்டோம். அதன் விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டாக்டரிடம், நானும் எலக்ட்ரானிக்ஸ்காரன்தான், எப்படி சார் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் குஷி வந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குனிந்து பார்ப்பதில்லையாம். மைக்ராஸ்கோப்பின் மேல் இரட்டைக் கேமரா. எதிரே பெரிய டிவி. டாக்டர், உதவியாளர், நர்ஸ் எல்லோரும் சினிமா தியேட்டர் மாதிரி முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரையைப் பார்க்கிறார்கள். கையிலிருக்கும் கருவிகள் மட்டும் அப்பாவின் கண்ணுக்குள். நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்றார். காயில்காரரா என்று கேட்டேன். அவரேதான்! வீட்டுக்கு வந்து அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிசிக்ஸ் கேட்ட பையன்

ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821 ஆகஸ்ட் 31 அன்று, பெர்லினுக்கு அருகில் உள்ள போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தை பள்ளிக்கூட வாத்தியார். படிப்புக்குக் குறைவில்லாத, பணத்துக்குக் குறைவான வீடு. மூத்த பிள்ளையான ஹெர்மன் நோஞ்சான் குழந்தை. படுக்கையிலேயே கழிந்த நாட்கள் அதிகம். பள்ளியில் மனப்பாடம் வரவே வராது. வகுப்பில் லத்தீன் இலக்கியம் நடக்கும்போது, பெஞ்சுக்கு அடியில் தொலைநோக்கிக்குள் ஒளிக்கதிர் எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாராம். நம்மில் பலருக்கும் இது பழகிய காட்சிதான்.

பிசிக்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசை. வாத்தியார் சம்பளத்தில் அது நடக்கிற காரியமில்லை. ராணுவத்துக்கு டாக்டர்களைத் தயார் செய்யும் பெர்லின் கல்லூரியில் அரசு செலவில் மருத்துவம் படிக்கலாம். படித்து முடித்தபின் 8 வருடம் ராணுவத்தில் வேலை செய்ய வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால் 'பாண்டு'. 1838இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதில் சேர்ந்தார். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. கவுன்சலிங் முடிந்து, கிடைத்த பிராஞ்சை எடுத்துக்கொண்டு நம் கல்லூரி வாசலில் முகம் வாடி நின்ற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன். அதனாலேயே இந்த இடத்தில் இவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது.

பிடிக்காத படிப்பு என்று இவர் முறைத்துக்கொண்டு உட்காரவில்லை. ஜோஹன்னஸ் முல்லர் என்ற பெரும் உடலியல் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். 1841இல் டைபாய்டு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாணவர் என்பதால் வைத்தியமும் சாப்பாடும் இலவசம். அந்த மாதங்களில் செலவாகாமல் மிச்சமான உதவித்தொகையில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார்! அதை வைத்தே நரம்பு இழைகள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று ஆராய்ந்து 1842இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1843 முதல் போட்ஸ்டாம் ராணுவ முகாமில் டாக்டர் வேலை. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, முகாமிலேயே சின்ன ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். தசை அசையும்போது வெப்பம் எங்கிருந்து வருகிறது என்ற உடலியல் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போய், 1847இல் ஆற்றல் அழியா விதியைக் கணித வடிவில் எழுதி, பெர்லின் இயற்பியல் சங்கத்தில் படித்தார். அப்போது 26 வயது நிறையவில்லை. பிரபலமான ஆராய்ச்சி இதழ் அதைப் போட மறுத்துவிட்டது. தனிப் புத்தகமாக வெளியிட்டார். இன்று அந்த விதி இல்லாமல் நமக்கு ஒரு பாடமும் நகராது.

இப்படிப்பட்டவரை ராணுவத்தில் கட்டிவைப்பது நியாயமில்லை என்று அறிஞர் ஹம்போல்ட் முயற்சி எடுத்ததால், 1848இல் பாண்டு பாதியிலேயே கழன்றது. 1849இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர் ஆனார். அந்த ஊர் இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. அதே ஆண்டு ஓல்கா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மறு வருடமே, தவளைக் காலை வைத்து நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்து காட்டினார். வினாடிக்கு 30 மீட்டரை ஒட்டி வந்தது. அதை அளக்கவே முடியாது என்று குருநாதர் முல்லர் நினைத்திருந்தார்.

வகுப்புக்குத் தயாரித்தபோது கிடைத்தது

இனிதான் நம் விஷயம். 1850இல் மாணவர்களுக்குக் கண்ணைப் பற்றிப் பாடம் எடுக்கத் தயார் செய்துகொண்டிருந்தார். பூனைக் கண் இருட்டில் மின்னுவதைப் பார்த்திருப்போம். மனிதக் கண்ணையும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால் அப்படிச் செம்மையாக ஒளிர வைக்கலாம் என்று முல்லரிடம் உடன் படித்த நண்பர் புரூக்கே அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காட்டியிருந்தார். இதை மாணவர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு ஒரு கேள்வி எழுந்தது. கண்ணுக்குள்ளிருந்து திரும்பி வருகிற அந்த ஒளி எதன் பிம்பத்தை உண்டாக்கும்? புரூக்கே அந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டிருந்தார்.

கண்ணின் நடுவே இருக்கும் பாப்பா ஏன் கறுப்பாகத் தெரிகிறது? உள்ளே போன ஒளியெல்லாம் உள்ளேயே உறிஞ்சப்படுவதால் என்று பலர் நம்பினார்கள். அப்படியில்லை, கொஞ்சம் திரும்பி வரத்தான் செய்கிறது. ஆனால் போன பாதையிலேயே திரும்பி, எந்த விளக்கிலிருந்து வந்ததோ அந்த விளக்குக்கே போய்ச் சேர்கிறது. அதைப் பிடிக்க வேண்டும் என்றால் நம் கண் விளக்கு இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அங்கே தலையை வைத்தால் விளக்கை நம் தலையே மறைத்துவிடும். பிறகெப்படிப் பார்ப்பது?

ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார். நோயாளியின் கண்ணுக்கும் தன் கண்ணுக்கும் நடுவே சாய்வாகக் கண்ணாடித் தகடு வைத்தார். பக்கத்து விளக்கின் ஒளி தகட்டில் பட்டுத் திரும்பி நோயாளியின் கண்ணுக்குள் போகிறது. விழித்திரையிலிருந்து திரும்பும் ஒளியில் ஒரு பங்கு அதே தகட்டை ஊடுருவிக்கொண்டு இவர் கண்ணுக்கு வருகிறது. விளக்கின் பாதையையும் பார்வையின் பாதையையும் ஒரே கோட்டில் சேர்த்துவிட்டார். வருகிற கதிர்கள் குவிந்து வருவதால் நடுவில் ஒரு குழிலென்ஸ் வைத்தார். அவ்வளவுதான், விழித்திரை துலக்கமாகத் தெரிந்தது.

செய்த பொருட்கள் என்ன தெரியுமா? அட்டை, பசை, மூக்குக்கண்ணாடி லென்ஸ்கள், மைக்ராஸ்கோப் ஸ்லைடு மேல் மூடுகிற மெல்லிய கண்ணாடித் துண்டுகள். நம் பசங்க புராஜெக்ட் செய்கிற மாதிரிதான். ஏறக்குறைய 8 நாள் அதோடு மல்லாடினார். நிச்சயம் தெரிந்தாக வேண்டும் என்று கணக்கு சொன்ன தைரியம் இல்லாவிட்டால் நடுவிலேயே விட்டிருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். உயிருள்ள மனிதனின் விழித்திரை, அதில் கிளை பரப்பிய ரத்தக்குழாய்கள், நரம்பு உள்ளே நுழையும் வெளிர்வட்டம் எல்லாம் கண் முன்னே நின்றன. 1850 டிசம்பர் 6 அன்று பெர்லின் இயற்பியல் சங்கத்தில் விஷயத்தை அறிவித்தார். 1851இல் சிறு புத்தகமாக வந்தது. கோனிக்ஸ்பெர்க் கருவித் தொழிலாளி ரெக்காஸ் பல லென்ஸ்களை ஒரு சுழலும் தட்டில் பொருத்திக் கொடுத்தார். அந்தச் சுழல் தட்டு இன்றும் டாக்டர் கையில் இருக்கும் கருவியில் உண்டு. அந்தக் கருவிதான் ஆப்தால்மோஸ்கோப்.

எல்லோரும் கைதட்டி வரவேற்றார்களா என்றால், இல்லை. நோய்ப்பட்ட கண்ணில் இவ்வளவு வெளிச்சம் அடிப்பது ஆபத்து என்றார் ஒரு பெரிய டாக்டர். பார்வை மங்கிய டாக்டர்களுக்கு வேண்டுமானால் உதவும், எனக்கு எதற்கு என்றார் இன்னொருவர். இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கணிப்பொறியின் முன்னோடி என்று நாம் படிக்கும் பாபேஜ், 1847லேயே இதே போன்ற ஒரு கருவியைச் செய்து ஒரு கண் மருத்துவரிடம் கொடுத்திருந்தார். அவர் அதன் அருமையை உணராததால் அது மூலையில் கிடந்தது. செய்தால் மட்டும் போதாது, ஏன் வேலை செய்கிறது என்று எழுதி ஊருக்குச் சொல்லவும் வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஹெல்ம்ஹோல்ட்ஸின் புத்தகம் இளம் டாக்டர் ஒருவர் கைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பெர்லினில் இருந்த வான் கிரேஃபே. அதுவரை, கண் வெளியே நன்றாக இருந்து பார்வை மட்டும் போனால், நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலி சில ஆண்டுகளில் செத்துப் போனது. க்ளாக்கோமாவுக்கு அறுவை சிகிச்சை உதவும் என்று கிரேஃபே 1857இல் காட்டினார். விழித்திரை ரத்தக்குழாய் திடீரென அடைபட்டுப் பார்வை போவதை 1859இல் விவரித்தார். பார்க்க முடிந்ததால் பெயர் வைக்க முடிந்தது. பெயர் வைத்ததால் வைத்தியம் தேட முடிந்தது.

பெரிய மனிதர், சுமாரான வாத்தியார்

பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1855இல் பான், 1858இல் ஹைடல்பெர்க். 1856 முதல் 1867 வரை பகுதி பகுதியாகப் பார்வையின் ஒளியியல் பற்றி மாபெரும் நூல் எழுதினார். பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும்போது கண் லென்ஸ் எப்படித் தடிக்கிறது, மூன்று அடிப்படை நிற உணர்வுகளில் இருந்து எல்லா நிறமும் எப்படி வருகிறது, எல்லாம் அதில் உண்டு. 1863இல் ஒலியும் இசையும் பற்றி இன்னொரு பெரிய நூல். இடையே 1859இல் ஓல்கா நோயில் இறந்தார். சிறு குழந்தைகளோடு தனித்து நின்றவர் 1861இல் அன்னாவை மணந்தார். பிற்காலத்தில் இயற்பியல் படித்த மகன் ராபர்ட்டையும் 1889இல் பறிகொடுத்தார்.

1871இல் ஐம்பதாவது வயதில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். சின்ன வயதில் கேட்டது அப்போதுதான் கைக்கு வந்தது! ரேடியோ அலையைக் கண்ட ஹெர்ட்ஸ் இவரிடம் வளர்ந்தவர். குவாண்டம் கொள்கைக்கு வித்திட்ட பிளாங்க் இவர் வகுப்பில் உட்கார்ந்தவர். தயாரிப்பில்லாமல் வருவார், குறிப்பு நோட்டைப் புரட்டிக்கொண்டே தட்டுத்தடுமாறுவார், கடைசியில் வகுப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் மிஞ்சினார்கள் என்று பிளாங்க் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். வகுப்புக்குத் தயார் செய்ததில் பிறந்த கருவியால் புகழ் பெற்றவர் இவர்! நம் பேராசிரியர்கள் இந்தப் பத்தியை மன்னிக்க வேண்டும்.

1888இல், நண்பர் வெர்னர் சீமென்ஸின் முயற்சியால் உருவான ஜெர்மன் அரசின் அளவியல் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் தலைவரானார். 1893இல் சிகாகோ மின்பொறியியல் மாநாட்டுக்குப் போய்த் திரும்பும்போது கப்பல் படிக்கட்டில் விழுந்து அடிபட்டார். 1894 செப்டம்பர் 8 அன்று காலமானார்.

அட்டைப் பெட்டியிலிருந்து டிவி திரை வரை

பார்க்க வழி கிடைத்தபின்பும், பிரிந்த விழித்திரையை ஒட்ட வழி கிடைக்க எழுபது வருடம் ஆனது. ஆப்தால்மோஸ்கோப்பில் பார்த்து, பிரிந்திருக்கிறது என்று சொல்லி, உச்சுக் கொட்டி அனுப்ப மட்டுமே முடிந்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த ஜூல் கோனின்தான், பிரிவுக்குக் காரணம் விழித்திரையில் விழும் ஓட்டை, அதைத் தேடிப் பிடித்து அடைத்தால் ஒட்டும் என்று 1920களில் நிரூபித்தார். ஓட்டை எங்கே என்று மணிக்கணக்கில் பார்த்து, படம் வரைந்துகொண்டு, சூடு வைத்து அடைப்பார். அங்கும் பார்ப்பதுதான் பாதி வைத்தியம்.

பிறகு பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷெபன்ஸ் 1940களில், தலையில் மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணாலும் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தார். ஆழம் தெரிந்தது, ஒரு கை லென்ஸைப் பிடித்தாலும் இன்னொரு கை ஓய்ந்தது. 1970இல் மயாமியில் மாக்கெமர், கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிறு துளை போட்டு உள்ளே போய், நடுவில் இருக்கும் ஜெல்லை வெட்டி உறிஞ்சி எடுக்கும் முறையைத் தொடங்கினார். அதன் பிறகுதான் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, கண்ணுக்குள்ளேயே வேலை செய்வது பரவியது.

1991இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த குழுவினர் ஓ.சி.டி. என்ற முறையை வெளியிட்டார்கள். கால் மில்லிமீட்டர் கனம்கூடச் சரியாக இல்லாத விழித்திரையை, வெங்காயத் தோல் போல அடுக்கு அடுக்காகக் குறுக்குவெட்டில் காட்டும். தொடாமல், வெட்டாமல், ஒளியை மட்டும் வைத்து. இதன் இதயம் மைக்கேல்சன் குறுக்கீட்டுமானி. நம் இரண்டாவது ஆய்வுக்கூட நண்பன். அந்தக் கருவியை மைக்கேல்சன் முதன்முதலில் 1881இல் செய்து பார்த்தது எங்கே தெரியுமா? பெர்லினில், ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து தங்கியிருந்தபோது. வண்டிகள் ஓடும் நகரத்து அதிர்வு தாங்காமல் அதைத் தூக்கிக்கொண்டு போன ஊர் போட்ஸ்டாம். இவர் பிறந்த அதே ஊர்! இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இன்று அந்த ஓ.சி.டி.யை ஆபரேஷன் மைக்ராஸ்கோப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உரித்து எடுக்க வேண்டிய சவ்வு, மைக்ரோமீட்டர் கணக்கில் கனம் உள்ளது, முழுதாக வந்ததா, துண்டு மிச்சம் இருக்கிறதா என்று அங்கேயே தெரியும். கண்ணுக்குத் தெரியாத சவ்வுக்கு நீலச் சாயம் ஏற்றுகிறார்கள். நான் சொன்ன டிவி முறையில் இன்னும் ஒரு லாபம் உண்டு. கேமராவின் உணர்திறனைக் கூட்டிக்கொண்டு, கண்ணுக்குள் விடும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் ஆபத்து என்று அன்று பயந்த டாக்டரையும் முழுக்க முட்டாள் என்று தள்ள முடியாது; அளவு மீறினால் விழித்திரைக்குக் கெடுதல்தான். குறையும் உண்டு. கை அசைவதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவே மிகச் சிறிய தாமதம். விலையும் அதிகம். அந்தத் தாமதத்தையும் விலையையும் குறைப்பது டாக்டர் வேலையல்ல, நம் வேலை. எங்கள் டாக்டருக்குப் பிடித்தது வேறொன்று. முன்பெல்லாம் அவர் பார்ப்பதை அவர் மட்டுமே துல்லியமாகப் பார்ப்பார். இப்போது பக்கத்தில் நிற்கும் பயிற்சி மாணவரும் அதையே, அதே ஆழத்தோடு பார்க்கிறார்.

கடைசியாக, அந்த விலை

அப்பா ஆபரேஷனுக்குப் பின் ஒரு வாரம் முகத்தைக் கவிழ்த்தே கிடந்தார். கண்ணுக்குள் விட்ட வாயுக் குமிழ் மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க அதுதான் வழி. விழித்திரை ஒட்டிவிட்டது. ஆனால் கூர்மையான பார்வைக்கான நடுப்பகுதியும் 11 நாள் தாமதத்தில் பிரிந்திருந்தது. அந்தக் கண்ணால் இன்று பேப்பரில் தலைப்பு தெரிகிறது. கீழே உள்ள செய்தி தெரிவதில்லை. திரை தெரிந்த அன்றே போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்று டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

ஆகவே நண்பர்களே, தம்பி தங்கைகளே, ஒன்று சொல்லி முடிக்கிறேன். கண்ணுக்குள் திடீரென மின்னல் வெட்டினாலோ, கொசு பறப்பது போலப் புள்ளிகள் திடீரென்று கூடினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ, அன்றே விழித்திரை டாக்டரிடம் போங்கள். வலி இருக்காது, அதை நம்பாதீர்கள். நம்மில் பாதிப் பேர் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர்கள். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். சர்க்கரை உள்ள பெற்றோரை வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

கேட்ட பிராஞ்ச் கிடைக்கவில்லையே என்று இன்றும் மனதுக்குள் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்: பிசிக்ஸ் மட்டும் தெரிந்தவருக்கு ஆஸ்பத்திரியின் கேள்வி எழுந்திருக்காது, மருத்துவம் மட்டும் தெரிந்தவருக்கு அந்தச் சாய்ந்த கண்ணாடி தோன்றியிருக்காது. இரண்டும் ஒரு தலைக்குள் சேர்ந்தது, வாத்தியார் வீட்டுப் பணக் கஷ்டத்தால். அடுத்த முறை லேபில் அந்தக் காயிலைத் தொடும்போது அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு சந்திப்புக்கு அப்பாவையும் அழைத்து வருகிறேன். முதல் வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.